ஆசீரின் முன்சக்கரம்

டொக்கென்று மறுபடியும் இடித்தது. பின்னால் உட்கார்ந்திருந்த எஸ்தரின் ஹெல்மெட், முன்னால் ஓட்டிக்கொண்டிருந்த பொன்ராஜின் ஹெல்மெட்டில். கவர்க்கல் தாண்டி மலை இறங்கத் தொடங்கியதிலிருந்து இது எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை அவள் விட்டுவிட்டாள். எண்ணினால் அடுத்தது எப்போது என்று உடம்பு காத்திருக்கத் தொடங்கிவிடுகிறது, காத்திருக்கிற உடம்பு விறைக்கிறது, விறைத்த உடம்பைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் யாராலும் வண்டியைத் திருப்ப முடியாது. கல்யாணமான புதிதில் இதே வண்டியில் இதே மலையில் முதன்முதலாக இறங்கியபோது பொன்ராஜ் சொல்லித் தந்தது அது ஒன்றுதான். மூட்டை மாதிரி உக்காரு, நான் சாஞ்சா நீயும் தானா சாயணும், நீயா ஒண்ணும் செய்யாத. என்ன மூட்டை, தேயிலை மூட்டையா என்று அவள் கேட்டதற்கு, தேயிலைன்னா கனமே இருக்காதே, நீ நல்ல புளி மூட்டை என்று சிரித்தான். அன்றைக்குக் கோபம் வந்தது. பிறகு பழகிவிட்டது. அட்டகட்டி வரும்வரை கண்ணை மூடிக்கொண்டு, அவன் முதுகு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் போய், பாதித் தூக்கத்தில்கூட மலையிறங்கியிருக்கிறாள். அப்போதெல்லாம் தலைகள் இடித்துக்கொண்டதில்லை. இப்போது சீட்டே முன்பக்கம் சரிந்திருக்கிறது, அவன் பிரேக்கைத் தொட்டாலே அவள் வழுக்கிக்கொண்டு போய் அவன்மேல் மோதுகிறாள், நடுவில் வைத்திருக்கிற பட்டுப்புடவைப் பை இருவருக்கும் இடையில் நசுங்குகிறது. கல்யாணத்துக்குப் புடவையைப் பொள்ளாச்சியில் சித்தி வீட்டில் போய்க் கட்டிக்கொள்ளலாம், இப்போதைக்குச் சுடிதாரே போதும் என்று கிளம்பும்போது சொன்னது அவள்தான். பஸ்ஸில் போகலாமே என்றும் சொன்னாள். புது டயர் போட்டு எதுக்கு வெச்சிருக்கேன் என்றான் அவன். "தலையில எதுக்கு இடிச்சுக்கிட்டே வார?" என்றான் இப்போது, திரும்பாமல், காற்றுக்கு மேல் சத்தமாக. "நான் இடிக்கல, வண்டி தள்ளுது" என்றாள். இறக்கத்துக்கு இரண்டாவது கியர் மட்டும் முனகிக்கொண்டிருந்தது. இன்னும் பாதி மலைக்கு மேல் இருக்கிறது. எதிர்ச் சரிவில் பனி ஏறிக்கொண்டிருந்தது, தேயிலை முடிந்து காடு தொடங்கியிருந்தது, யூகலிப்டஸ் வாசனைக்குள் வேறு ஒரு வாசனை இருந்தது, அது ரப்பர், அதை முகரவில்லை என்று வைத்துக்கொள்ள அவள் கொஞ்ச தூரம் முயன்று பார்த்தாள்.

சர்ர் என்றது. சாலையில் ஒட்டுப்போட்ட இடம் வந்தாலும், சின்னப் பள்ளம் வந்தாலும், அந்தச் சத்தம். இரண்டு ஆள் கனத்தில் ஷாக் அப்சார்பர் அமுங்குகிறபோது பின்டயர் எழும்பி மட்கார்டின் உள்பக்கத்தை உரசுகிறது. சக்கரம் மாற்றிய அன்றைக்கே நாசர் பாய் சொன்னார். வால்பாறை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவருடைய ஒர்க் ஷாப், ஊசி போடப் போய்விட்டுத் திரும்பிய எஸ்தர் கையில் டீயோடு அங்கே நின்றிருந்தாள், கிராம நர்ஸ் வேலைக்குக் கொடுத்த பை தோளில் இருந்தது. பொன்ராஜண்ணே, உங்க வண்டிக்குப் பதினெட்டு இன்ச்சு, தம்பி வண்டிக்குப் பதினேழு, ஒரு இன்ச்சுதானேன்னு பாக்காதீங்க, முன்னாடி மூக்கு இறங்கும், பின்னாடி நீங்க கேக்குற தடி டயரப் போட்டா அந்தப் பக்கம் ஏறும், காட்டுப்பன்னி கிழங்கு தோண்டுற மாதிரி நிக்கும் வண்டி. ஹேண்டில் லேசாயிடும். லேசுன்னா நல்லதுன்னு நினைச்சுடாதீங்க, நேர் ரோட்டுல ஆடும், வளைவுல நீங்க கேக்குறதுக்கு முன்னாடியே விழும். உங்க ரிம் வேற ஒல்லி, அதுல தடி டயரு ஏத்தினா ஓரம் ரெண்டும் உள்ள மடங்கி நடுவுல கூம்பிக்கும், முட்டை மேல நிக்கிற மாதிரிதான். எல்லாவற்றையும் பொன்ராஜ் கேட்டான். கேட்டுவிட்டு, "மாட்டுங்க பாய்" என்றான். நாசர் பாய் எஸ்தரைப் பார்த்தார், நீயாவது சொல்லும்மா என்பதுபோல. அவள் டீயைப் பார்த்தாள். ஏனென்றால் அது வெறும் சக்கரம் இல்லை, ஆசீருடைய சக்கரம். பொன்ராஜின் தம்பி ஆசீர், மூன்றே வாரத்தில் மஞ்சள் காமாலை கொண்டுபோன ஆசீர், ரிம்மைச் சுற்றிலும் தானே சிவப்பு டேப் ஒட்டி, ஓடுகிறபோது சிவப்பு வளையமாகத் தெரியுதா மைனி, தெரியுதா என்று எஸ்டேட் மைதானத்தில் அவள் முன்னால் சுற்றிச் சுற்றி வந்த ஆசீர். அவன் வண்டியை வீட்டில் வைத்துப் பார்க்க மாமியாரால் முடியவில்லை. விற்க முடிவானது. வாங்க வந்த பொள்ளாச்சிக்காரர் இன்ஜினைக் கேட்டார், பேப்பரைப் பார்த்தார், ஹாரன் அடித்துப் பார்த்தார், சக்கரத்தைப் பார்க்கவில்லை. முந்தின நாளே பொன்ராஜ் ஆசீரின் முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டுத் தன்னுடைய பதினெட்டைத் தம்பி வண்டியில் மாட்டியிருந்தான். பின்சக்கரத்தையும் எடுக்கப் பார்த்தான், பிரேக் வேறு மாதிரி, சேரவில்லை. அதனால்தான் பின்னாலாவது தம்பி வண்டி மாதிரி தடியாக இருக்கட்டும் என்று அந்த டயர். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த ரிம்மின் இடுக்குகளைத் தேய்த்துக் கொண்டிருந்தவனிடம் போய், இது உங்க வண்டிக்கு அளவு இல்லைங்க என்று எந்த வாயால் சொல்வது.

வாய். எங்கே சுற்றினாலும் அவள் மனம் அங்கேதான் வந்து முட்டிக்கொண்டது. போன கிறிஸ்துமஸ் மத்தியானம், எல்லோரும் பிரியாணித் தட்டோடு உட்கார்ந்திருக்கும்போது, ஆசீர் ஜன்னல் பக்கம் திரும்பினான், வெளிச்சம் கண்ணில் விழுந்தது, வெள்ளை விழி வெள்ளையாக இல்லை. ஆசீர், கண்ணு மஞ்சளா இருக்கு, நாளைக்கே ரத்தம் குடு என்றாள், அங்கேயே, எல்லோர் முன்னாலும், நர்ஸ் சொல்கிற மாதிரி. அவன் சிரித்தான். பிரியாணில போட்ட கலர் மைனி என்றான். நாளைக்குப் போகவில்லை, அதற்கடுத்த நாளும் போகவில்லை, எஸ்டேட்டில் யாரோ கொடுத்த கீழாநெல்லியைக் குடித்துக்கொண்டிருந்தான். அடக்கம் முடிந்து வந்த அன்று மாமியார், யாரையும் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னாள், நல்ல நாளும் அதுவுமா வாய வெச்சா. பொன்ராஜ் பக்கத்தில்தான் இருந்தான். அவன் அதை ஆமோதிக்கவில்லை. மறுக்கவும் இல்லை. அந்த மறுக்காத நொடி அவளுக்குள் எங்கேயோ முள் மாதிரி உடைந்து உள்ளேயே நின்றுவிட்டது. சரியாகத்தான் சொன்னாள், நேரத்தோடுதான் சொன்னாள், படித்தது அதற்குத்தான், தெரிந்தும் முள் முள்தான். இப்போது சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல். நிறுத்துங்க. அதைச் சொல்லிவிட்டால் அவன் எதற்கு என்று கேட்பான். எதற்கு என்று சொல்ல வேண்டுமென்றால் சக்கரத்தைச் சொல்ல வேண்டும், சக்கரத்தைச் சொன்னால் ஆசீரைச் சொன்ன மாதிரி, ஆசீரைப் பற்றி அவள் வாய் திறந்தால் என்ன ஆகும் என்று அந்த வீட்டில் ஏற்கெனவே முடிவாகிவிட்டது. சொல்லி, அடுத்த வளைவிலேயே ஏதாவது ஆகிவிட்டால், இப்பவும் வாய வெச்சா. சொல்லாமல் ஆகிவிட்டால். இந்த இடத்துக்கு வந்ததும் யோசனை வழுக்கியது, வண்டியும் வழுக்கியது, சின்ன ஜல்லிதான், பொன்ராஜின் தோள் வெட்டென்று எதிர்ப்பக்கம் போய் நிமிர்த்தியது.

சக்கரம் மாறினால் மீட்டரும் பொய் சொல்லும், அதையும் நாசர் பாய்தான் சொன்னார். கேபிள் முன்சக்கரத்திலிருந்து வருகிறது, சின்னச் சக்கரம் அதிகம் சுற்றும், முள் அதிகமாகக் காட்டும். அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். நாற்பதில் நடுங்கிக்கொண்டிருந்தது. அப்படியானால் உண்மையில் அதைவிடக் குறைவு. நல்லதுதானே என்று தன்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தபோதே அந்தப் பொள்ளாச்சிக்காரர் நினைவில் வந்து நின்றார். அவருக்குத் தலைகீழ். பெரிய சக்கரம் குறைவாகச் சுற்றும், முள் குறைவாகக் காட்டும், மெதுவாகப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு வேகமாகப் போய்க்கொண்டிருப்பார், வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு திரும்ப மாட்டேன் என்று அடம்பிடிக்கும், எதற்கென்றே அவருக்குத் தெரியாது. ஹாரன் அடித்துப் பார்த்த நல்ல மனிதர். போகும்போது மாமியாரிடம், பத்திரமா வெச்சுக்குவேங்கம்மா, பையன் வண்டி என்று கும்பிட்டுவிட்டுப் போனவர். இதுவும் யாரிடமும் சொல்லாத விஷயம்தான். ஒரு சக்கரத்தைப் பற்றி வாய் திறக்காமல் இருக்க எத்தனை பேர் காற்றில் ஆடிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. அடுத்த வளைவு வலப்பக்கம். பொன்ராஜ் முன்பெல்லாம் வளைவுக்கு முன்னால் ஹேண்டிலை ஒரு தள்ளு தள்ளுவான், வண்டி யோசித்து, மெதுவாக ஒப்புக்கொண்டு, சாயும். அந்த யோசிக்கிற நேரத்தில்தான் அவளும் சாய்வாள். இப்போது அவன் அதே தள்ளைத் தள்ளினான், வண்டி யோசிக்கவேயில்லை, பொத்தென்று உள்ளே சரிந்தது, அவன் பதறி நிமிர்த்தினான், மறுபடி சரித்தான், ஒரே வளைவை மூன்று துண்டாக வெட்டிக்கொண்டு போன மாதிரி இருந்தது. டொக். சர்ர். அவள் கை தானாக அவன் மேற்கையைப் பிடித்தது. பிடித்ததும் தெரிந்துவிட்டது. சட்டைக்கு அடியில் தசை துடித்துக்கொண்டிருந்தது, குளிரில் நடுங்குவது அல்ல, கனத்தை அதிக நேரம் தூக்கி வைத்திருப்பவனுக்கு வருகிற நடுக்கம், பிரசவத்தில் கட்டில் கம்பியைப் பிடித்திருக்கும் கைகளில் அவள் நிறையப் பார்த்தது. அவனுக்குத் தெரியும். மலையுச்சியிலிருந்தே தெரியும். தெரிந்துகொண்டே, தம்பியின் சக்கரத்தைக் குறை சொல்லிவிடக் கூடாது என்று, ஒவ்வொரு வளைவிலும் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டு, அவளையும் பின்னால் வைத்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருக்கிறான். அவள் வாயைத் திறந்தாள். ஏங்க என்று தொடங்கிவிட்டாள்கூட. அப்போது கீழே ஹாரன் கேட்டது.

பஸ் ஹாரன். மலைப் பாதையில் மேலே ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி, அதுவும் கொண்டை ஊசியில் பஸ் முழுச் சாலையையும் எடுத்துக்கொள்ளும், இது தெரியாதவர்கள் இந்த ஊரில் கிடையாது. பொன்ராஜ் இடப்பக்கம் ஒதுங்கினான். வளைவும் இடப்பக்கம்தான் திரும்பியது. பஸ்ஸின் முன்கண்ணாடி தெரிந்தது, அதில் தொங்கிய எலுமிச்சை மிளகாய் தெரிந்தது, டிரைவரின் வாய் எதையோ மென்றுகொண்டிருந்தது தெரிந்தது. பொன்ராஜ் சாய்த்தான். வண்டி விழுந்தது, கேட்டதைவிட அதிகமாக, பக்கவாட்டில் தரை எழும்பி அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்த மாதிரி இருந்தது, இத்தனை வருஷம் மூட்டையாக இருந்த உடம்பு அந்த நொடியில் மூட்டையாக இருக்க மறுத்துவிட்டது. அவள் நிமிர்ந்தாள். யோசித்துச் செய்யவில்லை. முதுகெலும்பு தானே செய்தது. அவன் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம், நடுவில் வண்டி யார் பேச்சையும் கேட்காமல் எழுந்து நேராக, வளைவை விட்டு, பஸ்ஸின் பின்சக்கரத்தை நோக்கிப் போனது. பிரேக். டொக்கென்று இல்லை, பெரிய சத்தமாக இடித்தது. பின்டயர் வழுக்கி ஒரு அரைவட்டம் போட்டது. பஸ்ஸின் தகரப் பக்கம், சேறு தெறித்த பச்சை, ஒரு ஜன்னலில் குழந்தையின் உள்ளங்கை, எல்லாம் அவள் முகத்துக்கு எதிரே நீளமாக ஓடி முடிந்தது. பிறகு எதுவும் இல்லை. வண்டி நடுச்சாலையில் குறுக்கே நின்றுகொண்டிருந்தது, இருவரின் கால்களும் தரையில். மேலேயிருந்து கண்டக்டரின் குரல் வந்தது. "யோவ், வூட்ல சொல்லிட்டு வந்தியா!" அந்தப் பழைய வசவை இன்றைக்குக் கேட்க முடிந்ததே என்று அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது, வந்தால் நிற்காது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

வண்டியை உருட்டிக்கொண்டுபோய்க் கைப்பிடிச் சுவரோரம் நிறுத்தினார்கள். கீழே ஆழியாறு அணையின் தண்ணீர் ஒன்றுமே நடக்காத மாதிரி பளபளத்தது. சுவரின் மேல் ஒரு வரையாடு நின்று இவர்களைப் பார்த்தது, பிறகு போரடித்துப்போய் இறங்கிப் போனது. "ஏன் நிமிர்ந்த?" என்றான் பொன்ராஜ். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கண் மட்டும் தெரிந்தது. எவ்வளவு சின்னக் கேள்வி. அதற்குள் எல்லாமே இருந்தது, கிறிஸ்துமஸ் மத்தியானம் உட்பட. மன்னிச்சிருங்க, தெரியாமப் பண்ணிட்டேன் என்று சொல்லிவிடலாம், அது உண்மையும்கூட, சொல்லிவிட்டால் மறுபடி ஏறிக்கொண்டு மறுபடி மூட்டையாகிவிடலாம். "பயந்துட்டேன்" என்றாள். "எதுக்குப் பயம்? எத்தன வருஷமா இதுல வார?" "இதுல இல்ல" என்றாள். குரல் தன்னுடையதுதானா என்று சந்தேகமாக இருந்தது. "இது வேற வண்டிங்க. ஆசீர் வீலு உங்க வண்டிக்குச் சேரல." சொல்லியாகிவிட்டது. எதுவும் இடிந்து விழவில்லை. சாலையில் ஒரு பால் வேன் போனது. பொன்ராஜ் முன்சக்கரத்தைப் பார்த்தான். சிவப்பு டேப்பில் சேறு ஒட்டியிருந்தது, குனிந்து கட்டைவிரலால் துடைத்தான், விரல் ஓரிடத்தில் நிற்காமல் டேப்பின்மேல் ஆடிக்கொண்டிருந்தது. அதை அவனே பார்த்துக்கொண்டிருந்தான். "கை நடுங்குது" என்றான், யாரோ மூன்றாம் மனிதரின் கையைச் சொல்வதுபோல. "மேல இருந்தே நடுங்குது" என்றாள். "உனக்கு எப்படித் தெரியும்?" "பிடிச்சுப் பாத்தேன்." அவன் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தான். ஹெல்மெட்டைக் கழற்றினான். அழுவான் என்று நினைத்தாள், அழவில்லை. "அன்னைக்கு அம்மா சொன்னப்ப நான் ஒரு வார்த்தை பேசியிருக்கணும்" என்று மட்டும் சொன்னான், அணையைப் பார்த்துக்கொண்டு. பதில் சொன்னால் அந்த முள் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டிவரும், அதற்கு இந்த இடம் சரியில்லை. "அடுத்த பஸ்ஸுல நீ ஏறிக்கோ. நான் மெதுவா இறக்கிட்டு வாரேன்" என்றான். தனியாக, அந்தக் கையோடு. பஸ் ஜன்னலிலிருந்து ஒவ்வொரு வளைவிலும் கீழே எட்டிப் பார்த்துக்கொண்டே போவதை அவள் ஒரு நொடி மனதுக்குள் பார்த்தாள். "சாவியக் குடுங்க" என்றாள்.

"நீயா? கியர் வண்டி தொட்டு எத்தன நாளாச்சு!" "மைதானத்துல சொல்லிக் குடுத்தது நீங்கதானே. ஒழுங்காச் சொல்லிக் குடுத்திருந்தா மறந்திருக்காது." "ஏய், விளையாடாத, இது லேசா ஆடுற வண்டி" என்றான். "தினமும் லேசா ஆடுறதுலதான் போறேன். என் ஸ்கூட்டர் சக்கரத்தப் பாத்திருக்கீங்களா? இதுல பாதி." சொன்ன பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது. பத்து வருஷமாக ஒவ்வொரு எஸ்டேட்டின் லய வீடுகளுக்கும் தடுப்பூசிப் பெட்டியோடு அந்தச் சின்னச் சக்கரத்தில்தான் ஏறி இறங்குகிறாள். அதன் ஹேண்டிலைத் தள்ளக் கூடாது. பார்த்தாலே போதும், திரும்பிவிடும். பொன்ராஜுக்குப் பழகியது பெரிய சக்கரத்தின் பிடிவாதம், அதைத் தள்ளித் தள்ளியே கை வளர்ந்துவிட்டது, இப்போது தள்ளுவதற்கு எதிரே ஒன்றும் இல்லாதபோதும் கை தள்ளுகிறது. அவள் பையைக் குறுக்காக மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். கால் எட்டவில்லை, பின்பக்கம் உயர்ந்துதான் இருக்கிறது, நாசர் பாயின் பன்னி. பின்னால் அவன் ஏறியதும் வண்டி அமுங்கியது. சர்ர் என்றது. முதல் கியர். நடை வேகம்தான், காலைத் தரையோரம் தொங்கவிட்டபடி. ஹேண்டில் கைக்குள் மீன் மாதிரி துள்ளியது, பயம் நெஞ்சிலிருந்து தோளுக்கும் தோளிலிருந்து விரலுக்கும் இறங்க, விரல் இறுகுவதற்குள் தளர்த்தினாள். இதைத்தான் இவ்வளவு நேரம் அவன் பிடித்துக்கொண்டிருந்தான். வளைவு வந்தது. எங்கே போக வேண்டுமோ அங்கே பார்த்தாள், கையால் ஒன்றும் செய்யவில்லை, வண்டி தானாகத் தலையைத் திருப்பியது. பின்னால் ஏதோ கனமாக எதிர்த்தது. கண்ணாடியில் பார்த்தாள். பொன்ராஜ் கம்பத்தைப் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான், இரண்டு கையும் பின்கம்பியை நெரித்துக்கொண்டிருந்தன, கண் அணைப் பள்ளத்தில் இருந்தது. வண்டி வெளிப்பக்கம் நழுவியது, வெள்ளைக் கோட்டைத் தொட்டது. அவள் வேகத்தை இன்னும் குறைத்து இழுத்துப் பிடித்து உள்ளே கொண்டுவந்தாள். டொக்கென்று அவன் ஹெல்மெட் அவள் தலையில் இடித்தது.

"தலையில எதுக்கு இடிக்கிறீங்க?" என்றாள். "நான் இடிக்கல" என்றான். இன்ஜின் முனகலும் டயர் உரசலும் மட்டும். பள்ளம் வந்தால் சர்ர், பள்ளம் போனால் நிசப்தம். அந்தச் சத்தம் இனி பொள்ளாச்சி வரை கூடவே வரும், அதற்கு இப்போதைக்கு மருந்து கிடையாது, மெதுவாகப் போவதைத் தவிர. "எஸ்தர்" என்றான் அவள் காதுக்குப் பக்கத்தில். "மண்டபத்துக்குப் போறதுக்கு முன்னாடி அந்த வண்டி வாங்கினவரப் பாத்துட்டுப் போயிருவோம். நம்ம வீலு அவருகிட்டல்ல இருக்கு. அவரும் இப்படித்தான் எங்கயாவது..." முடிக்கவில்லை. அவள் தலையை ஆட்டினாள், ஹெல்மெட்டுக்குள் ஆட்டியது அவனுக்குத் தெரிந்ததோ இல்லையோ. அடுத்த வளைவு தெரிந்தது, மஞ்சளும் கறுப்புமாகத் தடுப்புச் சுவர், அதற்கு அப்பால் வானம். இடப்பக்கம். பஸ்ஸிடம் தப்பிய அந்த வளைவு மாதிரியே. விரல்கள் இறுகின, தளர்த்தினாள், மறுபடி இறுகின. "மூட்டை மாதிரி உக்காருங்க" என்றாள் கண்ணாடியைப் பார்க்காமல். "நீங்களா ஒண்ணும் செய்யாதீங்க." முதுகுக்குப் பின்னால் ஒரு பெரிய மூச்சு வெளியே போவது கேட்டது. பின்கம்பியை விட்டு ஒரு கை வந்து அவள் இடுப்பருகே தொங்கிய பையைப் பிடித்தது, பிறகு இன்னொன்று. அவள் வளைவின் கடைசியைப் பார்த்தாள். வண்டி சாய்ந்தது. அவனும் சாய்ந்தான்.